கேட்ட மன்னர் இருவர்: எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம் குறித்து ஒரு நோக்கு

இறைவன் விடுக்கும் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தலும், மறைநூலுக்கு உண்மையாயிருத்தலும் கிறிஸ்தவ வாழ்வின் தலையாய கடப்பாடுகள் எனக் காலங்காலமாகப் போதிக்கப்பட்டு வந்துள்ளன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மறுபெயர் போலவே நம் ஆலயங்களில் வழங்குகின்றன. வேதத்தைப் போற்றுபவன் எச்சரிக்கையைக் கேட்டவன் என்றும், எச்சரிக்கையைப் புறக்கணிப்பவன் வேதத்தை அறியாதவன் என்றும் கொள்ளுதல் எளிதாயிற்று. ஆயின் இவ்வெளிய முடிவை ஐயுறவைக்கும் பகுதிகள் வேதாகமத்தினுள்ளேயே உள்ளன. அவற்றுள் முதன்மையானது எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம். அதனை ஓர் இலக்கியப் பனுவலாக நுணுகி நோக்குவதும், அதன்வழி 'உண்மையாயிருத்தல்' என்பது யாது என வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கதையை ஞாயிறு பாடசாலையிலேயே நம்மிற் பலர் கேட்டிருப்போம். தீர்க்கதரிசியின் சுருளை ஒரு கொடிய மன்னன் வெட்டித் தீயிலிடுகின்றான். தீர்க்கதரிசி மீண்டும் எழுதுவிக்கின்றான். எனவே இறைவாக்கு அழியாது. கதை இவ்வளவோடு முடிக்கப்படும். ஈழத்தமிழ் வாசகனுக்கு இதிலே பிறிதொரு கனமும் சேர்ந்துவிடுகின்றது. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, 90,000க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலான செய்தியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆகையால் எரிகின்ற சுருளைக் கண்டவுடன் நம் மனம் அதனை எழுதியவர் பக்கம் சென்று நின்றுவிடுகின்றது. அஃது இயல்பானதே. எனினும், அவ்வாறு நின்றுவிடுவதாற் பனுவலின் கூர்மை மழுங்கிவிடுகின்றது. ஏனெனில் அச்சுருள் பகைவரைக் குறித்து எழுதப்பட்டதன்று. அதை வேதமெனக் கொண்டாடிய சொந்த மக்களைக் குறித்து எழுதப்பட்டது.

காலமும் களமும்

யோயாக்கீம் தன் வலிமையால் அரியணை ஏறியவனல்லன். கி.மு. 609இல் அவன் தந்தை யோசியா மெகிதோவில் எகிப்திய மன்னன் நேகோவாற் கொல்லப்பட்டான். மக்கள் அரசனாக்கிய யோவாகாசை மூன்று மாதத்தில் அகற்றிய நேகோ, யோயாக்கீமை அவ்விடத்தில் அமர்த்தினான். அவன் பெயரையும் மாற்றினான். எகிப்துக்குரிய திறையைச் செலுத்தும்பொருட்டு யோயாக்கீம் நாட்டு மக்கள்மீது வரி சுமத்தியதை இராஜாக்களின் இரண்டாம் நூல் பதிவு செய்துள்ளது. கி.மு. 605இல் கர்கேமிஸ் போரில் பாபிலோன் எகிப்தை முறியடித்தது. அவ்வாண்டிலேயே எரேமியா தன் வாக்குகளைப் பாருக் என்னும் எழுத்தனைக் கொண்டு சுருளில் எழுதுவித்ததாக அதிகாரம் தொடங்குகின்றது.

மறு ஆண்டு ஒன்பதாம் மாதத்தில் எருசலேமில் உபவாசம் கூறப்பட்டது. 1956இல் வெளியிடப்பெற்ற பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பொன்று, நேபுகாத்நேச்சாரின் முதலாம் ஆண்டின் அதே மாதத்திற் கடலோர நகரமான அஸ்கலோன் வீழ்த்தப்பட்டதைக் கூறுகின்றது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தன என ஆய்வாளர் பலர் கொள்வர். பகைவன் அண்மித்துவிட்ட வேளையில், 'பாபிலோன் மன்னன் வருவான்' என்னும் சுருள் வாசிக்கப்பட்டதெனின், அது வெறும் சமயச் செய்தியன்று. எகிப்தைச் சார்ந்து நின்ற அரசின் கொள்கையையே மறுக்கும் குரலுமாகும். எனவே யோயாக்கீமை வெறும் மூடனாகவோ நாத்திகனாகவோ காண்பது பொருந்தாது. தன் அரசைக் காப்பதாக நினைத்தே அவன் அவ்வாறு செய்திருத்தல் கூடும். எச்சரிக்கையைப் புறக்கணிப்பவரிற் பெரும்பாலோர் தமக்கென ஒரு நியாயம் உடையவரே.

மூன்று வாசிப்புகள்

அதிகாரத்தின் கட்டமைப்பு நோக்கற்பாலது. ஒரே நாளில் ஒரே சுருள் மூன்று இடங்களில் வாசிக்கப்படுகின்றது. முதலாவது ஆலயத்தில், சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில், மக்கள் அனைவரும் கேட்க. இரண்டாவது அரண்மனையில், பிரபுக்கள் கேட்க. மூன்றாவது மன்னனின் குளிர்கால மாளிகையில், கணப்பின் அருகே. வாசிப்பு ஆலய முற்றத்திலிருந்து அரண்மனையின் உள்ளறை வரை செல்லச் செல்ல, கேட்போரின் அதிகாரம் கூடுகின்றது; அச்சமோ குறைகின்றது.

மக்கள் என்ன செய்தனர் என்பதைப் பனுவல் கூறவில்லை. உபவாசத்துக்கென வந்த பெருங்கூட்டத்தில் கெமரியாவின் மகன் மிகாயா ஒருவனே எழுந்து சென்று செய்தியைப் பிரபுக்களுக்கு அறிவிக்கின்றான். உண்ணாமல் இருப்பது எளிது; கேட்டதைக் கொண்டு எழுந்து நடப்பது அரிது என்பதை ஆசிரியர் தம் மௌனத்தாலேயே உணர்த்திவிடுகின்றார்.

பிரபுக்கள் அஞ்சுகின்றனர். பாருக்கிடம் எவ்வாறு எழுதினாய் என வினவுகின்றனர். நீயும் எரேமியாவும் ஒளிந்துகொள்ளுங்கள் என அறிவுறுத்துகின்றனர். சுருளை எலிஷாமாவின் அறையிற் பத்திரமாக வைத்துவிட்டே மன்னனிடம் செல்கின்றனர். எல்நாத்தான், தெலாயா, கெமரியா ஆகிய மூவரும் சுருளை எரிக்கவேண்டாமென வேண்டுகின்றனர். இவர்கள் தீயவரல்லர், நூலை மதிப்பவர், எழுதியவரைக் காப்பவர். ஆயினும் மன்னனோ அவனைச் சூழ்ந்திருந்த ஊழியரோ அஞ்சவுமில்லை, தம் ஆடைகளைக் கிழிக்கவுமில்லை என்று பனுவல் குறிப்பிடும்போது, அறையிலிருந்த எவரையும் அது முற்றாக விடுவிப்பதாகத் தெரியவில்லை. சுருளைக் காக்க மூவர் குரல் எழுப்பினர்; சுருளின் பொருளைக் காக்க எவரும் இலர்.

எல்நாத்தானைப் பற்றிப் பிறிதொரு செய்தியும் உண்டு. இதே எச்சரிக்கையைக் கூறிய உரியா என்னும் தீர்க்கதரிசி எகிப்துக்குத் தப்பியோடியபோது, அவனைப் பிடித்துவந்து மன்னன் வாளுக்கு ஒப்புவித்த குழுவின் தலைவன் அக்போரின் மகன் எல்நாத்தான் என்று 26ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஆளைக் கொலைக்கு ஒப்புவித்தவன் ஏட்டைக் காக்க மன்றாடுகின்றான். வேதத்தின்மீது கொள்ளும் பக்தி சில வேளைகளில் எத்துணை மலிவான பிராயச்சித்தமாகிவிடுகின்றது என்பதற்கு இதனினும் கூரிய சான்று வேண்டா.

தந்தையின் ஆடையும் மகனின் கத்தியும்

இக்காட்சியைத் தனித்து வாசித்தல் போதாது. இராஜாக்களின் இரண்டாம் நூலின் 22ஆம் அதிகாரத்தில் இதற்கொரு முன்காட்சி உள்ளது. யோசியாவின் பதினெட்டாம் ஆண்டில், அதாவது கி.மு. 622 அளவில், ஆலயம் பழுதுபார்க்கப்பட்டபோது இல்க்கியா என்னும் ஆசாரியன் நியாயப்பிரமாணச் சுருளொன்றைக் கண்டெடுக்கின்றான். எழுத்தனான சாப்பான் அதனை மன்னன்முன் வாசிக்கின்றான். கேட்ட யோசியா தன் ஆடையைக் கிழிக்கின்றான். பின் சாப்பான், அக்போர் முதலியோரை உல்தாள் என்னும் தீர்க்கதரிசினியிடம் அனுப்புகின்றான்.

இரு காட்சிகளிலும் மன்னனின் முன்னிலையில் ஒரு சுருள், அதை வாசிப்போன் ஒருவன், சூழ்ந்துநிற்கும் அதிகாரிகள். அன்று நின்றவர் சாப்பானும் அக்போரும். இன்று நிற்போர் சாப்பானின் மகன் கெமரியாவும் அக்போரின் மகன் எல்நாத்தானும். அன்றைய மன்னன் யோசியா. இன்றைய மன்னன் அவன் மகன். எபிரேய மூலத்தில் யோசியா ஆடையைக் கிழித்ததற்கும், யோயாக்கீம் சுருளை வெட்டியதற்கும், அவனும் ஊழியரும் ஆடை கிழிக்காமைக்கும் ஒரே வினைச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. தந்தை சுருளைக் கேட்டுத் தன் ஆடையைக் கிழித்தான்; மகன் தன் ஆடையைக் காத்துச் சுருளைக் கிழித்தான். நம்மிடையே வழங்கும் தமிழ்ப் பெயர்ப்பில், கத்திக்கேற்ப 'அறுத்தல்' என்றும் ஆடைக்கேற்பக் 'கிழித்தல்' என்றும் சொற்கள் பிரிந்துவிட்டமையால் இந்த எதிரொலி கேளாமற் போய்விட்டது. பெயர்ப்பாளர்மீது குறைகூறுவதற்கில்லை, தமிழ் மரபு அவ்வாறே வேண்டும். எனினும் திறனாய்வாளன் இதனை எடுத்துக்காட்டக் கடமைப்பட்டவன்.

இவ்வொப்புமை மிகவும் பொருந்திவருவதாலேயே, முன்னைய காட்சியை மனத்திற்கொண்டு பின்னையது புனையப்பட்டிருக்கலாம் என்பாரும் உளர். புனைவு எனக் கொள்ளினும் வாதம் வலுவிழவாது. அவ்வாறாயின் இவ்விரு காட்சிகளையும் இணைத்து வாசிக்குமாறு ஆசிரியரே நம்மைப் பணிக்கின்றார் என்பது மேலும் உறுதியாகும். வரலாற்று அடிப்படையும் இல்லாமலில்லை. எருசலேமின் தாவீதின் நகர்ப் பகுதியில் 1982ஆம் ஆண்டு அகழ்வில், பாபிலோனியர் நகரை எரித்த காலத்துச் சாம்பற் படையில், ஐம்பதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றிலே 'சாப்பானின் மகன் கெமரியா' என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. முத்திரையிடப்பட்ட ஏடுகள் வெந்துபோயின. முத்திரைகளோ அத்தீயிலேயே சுடப்பட்டு நிலைத்தன. கணப்பின் அருகே வேண்டிக்கொண்ட அந்த அதிகாரியின் பெயர் நகரையே விழுங்கிய நெருப்பினால் நமக்கு எஞ்சியிருக்கின்றது.

கேட்டல் என்னும் சொல்

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. யோயாக்கீம் கேளாதவனா? பனுவலை ஊன்றி நோக்கின், அவன் முழுவதையும் கேட்டவன் என்பது புலனாகும். யெகுதி மூன்று நான்கு பத்திகளை வாசிக்குந்தோறும் அவன் அப்பகுதியை வெட்டித் தீயிலிடுகின்றான். சுருள் முழுவதும் தீரும்வரை இது தொடர்கின்றது. சினங்கொண்டு முதல் வரியிலேயே சுருளைப் பறித்தெறிந்தவனல்லன். பத்தி பத்தியாகக் கேட்டு, பத்தி பத்தியாக எரித்தவன். அவன் கையிலிருந்த கருவியும் மூலத்தில் எழுத்தனுக்குரிய கத்தியே. ஏட்டை ஆக்க உதவும் கருவி ஏட்டை அழிக்கப் பயன்பட்டது. எழுத்தறிந்தவரின் கருவிகளே எழுத்தை வெட்டுவதற்கு மிகப் பொருத்தமானவை போலும்.

தமிழிற் 'கேட்டல்' என்னும் சொல் மூன்று பொருள் தரும். செவியால் உணர்தல் ஒன்று, வினவுதல் ஒன்று, சொற்படி நடத்தல் ஒன்று. 'பிள்ளை சொற்கேளாது' என்று தாய் முறையிடும்போது செவிக்குறைபாட்டை அவள் கூறவில்லை. எபிரேய மொழியிலும் செவியுறுதலுக்கும் கீழ்ப்படிதலுக்கும் ஒரு சொல்லே வழங்கும். இவ்வகையில் இரு மன்னரையும் அளந்து பார்க்கலாம். யோசியா சுருளைக் கேட்டான். அதன் பொருளை உல்தாளிடம் ஆளனுப்பிக் கேட்டான். பின் அதன் சொற்கேட்டு நடந்தான். யோயாக்கீமோ முதற்பொருளோடு நின்றுவிட்டான். தன்னிலும் அறிந்தார் எவரிடமும் அவன் ஆளனுப்பவில்லை. இரு கேட்டலுக்கும் இடையிலுள்ள பாலம் வினவுதல் என்பதை நாம் பெரிதும் மறந்துவிடுகின்றோம். வினவுதல் விசுவாசக் குறைவென அஞ்சும் சபைகள், யோசியாவின் முதற் செயலே ஒரு வினா என்பதை நினைத்தல் நன்று.

யோசியாவின் கேள்வியும் எப்போதும் நிறைவுற்றதன்று. நேகோ தன்னோடு போர்புரிய வரவேண்டாமென எச்சரித்தபோது, இறைவன் அவன் வாயினாற் கூறிய சொல்லை யோசியா கேளாமற்போனான் என்று நாளாகமத்தின் இரண்டாம் நூல் கூறும். சுருளில் வந்த எச்சரிக்கையை அறிந்துகொண்டவன், அந்நிய அரசனின் வாயில் வந்ததை அறிந்திலன். வேதத்துக்கு உண்மையாயிருந்தவனே வேதத்துக்கு வெளியிலிருந்து வந்த உண்மையைத் தவறவிட்டு மாண்டான். எச்சரிக்கை நாம் எதிர்பார்க்கும் வாயிலிருந்தே வரும் என்பதற்கு உறுதியில்லை.

உண்மையாயிருத்தல் யாது?

எரேமியாவின் காலத்தில் வேதத்தை வைத்திருப்பதில் எவருக்கும் குறைவில்லை. 'நியாயப்பிரமாணம் எங்களிடம் உண்டு' என்ற பெருமிதத்தையும், அதனையே பொய்யாக்கும் எழுத்தரின் கோலையும் 8ஆம் அதிகாரம் கண்டிக்கின்றது. ஆலயம் தம்மிடம் உள்ளதென்பதையே அரணாகக் கொண்டோரை 7ஆம் அதிகாரம் சாடுகின்றது. அந்நியனையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டே ஆலயத்தில் வந்து நிற்போருக்கு ஆலயம் கள்வர் குகையாகிவிட்டது என்பது அதன் சாரம்.

யோயாக்கீமின் மீதான குற்றச்சாட்டும் சுருளெரிப்போடு தொடங்கவில்லை. 22ஆம் அதிகாரத்தில், அவன் கேதுரு மரப் பலகைகள் பதித்து, சிவப்பு வர்ணம் பூசிய விசாலமான மாளிகையைக் கட்டுகின்றான். உழைத்தவர்க்குக் கூலி கொடாமற் கட்டுகின்றான். அவன் தந்தையோ உண்டு குடித்து இயல்பாக வாழ்ந்தும், ஏழையின் வழக்கை நியாயமாகத் தீர்த்தான். இறைவனை அறிதல் என்பது அதுவன்றோ என்று தீர்க்கதரிசி வினவுகின்றான். ஆகவே கூலிக்காரனின் கூலியை மறுத்த நாளிலேயே யோயாக்கீம் வேதத்தை எரித்துவிட்டான். கணப்பில் நிகழ்ந்தது அதன் வெளிப்படையான நிறைவேற்றமே. குளிர்கால மாளிகையும், அதன் கணப்பும், கூலி பெறாதோரின் உழைப்பும் ஒரே ஆட்சியின் கூறுகள் என்பதை அதிகாரங்களை இணைத்து நோக்குவோர் உணர்வர்.

இதனால், மறைநூலை எரிக்காதவரெல்லாம் அதற்கு உண்மையானவர் என்னும் கருத்து வீழ்கின்றது. பட்டுத்துணியிற் பொதிந்து வைத்தும் எரிக்கலாம்.

எச்சரிப்போன் எவன்?

மறுபுறத்தில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. எச்சரிக்கை என வரும் ஒவ்வொன்றுக்கும் செவிசாய்க்க வேண்டுமா? போர், பஞ்சம், பெருநோய் ஆகிய ஒவ்வொன்றையும் தமக்குப் பிடியாதோர்மீது இறைவன் அனுப்பிய தண்டனையென உரைப்போர் எக்காலத்தும் இருந்துவருகின்றனர். எரேமியா நூல் இதனையும் அறியாததன்று. 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டாண்டில் பாபிலோனின் நுகம் முறியும் என்று இறைவன் பெயராலேயே கூறுகின்றான். அவன் கூற்றுக்கு மரபின் ஆதரவும் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன், கி.மு. 701இல், அசீரியரிடமிருந்து எருசலேம் தப்பியபோது ஏசாயா அவ்வாறன்றோ கூறினார்? பழைய வாக்கைப் பிழையறத் திருப்பிச் சொல்வதனாலேயே ஒருவன் பொய்யனாகவும் கூடும் என்பது இதன்வழி தெளிவாகின்றது.

மெய்யான எச்சரிக்கைக்கு இந்நூல் தரும் இலக்கணம் மூன்று. முதலாவது, அது பேசுபவனுக்கு ஆதாயம் தருவதன்று. எரேமியா எச்சரித்தமையால் அடைப்பட்டான், ஒளிந்தான், பின்னர் சேற்றுக் கிணற்றில் இறக்கப்பட்டான். இரண்டாவது, அது பேசுபவனுக்கு இன்பம் தருவதுமன்று. அனனியாவின் நற்செய்தியைக் கேட்ட எரேமியா, அப்படியே ஆகட்டும் என்றே முதலிற் கூறுகின்றான். தன் எச்சரிக்கை பொய்த்துப்போவதை அவன் விரும்பினான். மூன்றாவது, அது விரைவதன்று. அனனியாவுக்கு உடனே மறுமொழி கூறாது எரேமியா தன் வழியே போய்விடுகின்றான். நகரம் வீழ்ந்தபின் எஞ்சியோர் வாக்குக் கேட்டபோதும் பத்து நாட்கள் காத்திருந்தே விடையளித்தான். பிறர் அழிவை ஆதாயத்தோடும் மகிழ்வோடும் விரைந்தும் அறிவிப்போரை இவ்வளவுகோலால் அளந்துகொள்ளலாம்.

எச்சரிக்கையின் நோக்கமும் ஈண்டு நினைக்கத்தக்கது. சுருள் எழுதப்படும்போதே 'ஒருவேளை' மக்கள் கேட்டுத் திரும்பக்கூடும் என்னும் நம்பிக்கை இருமுறை கூறப்படுகின்றது. இந்தச் சிறு சொல்லிலேயே முழு அதிகாரமும் தொங்கிநிற்கின்றது. வருவதுரைத்தல் கதவை மூடும். எச்சரித்தல் கதவைத் திறந்துவைக்கும். யோயாக்கீம் எரித்தது தன் அழிவின் செய்தியை அன்று. தான் தப்புவதற்கிருந்த வழியை. கி.மு. 597இல் எருசலேம் சரணடைந்தது. சுமார் பத்தாண்டுகளின் பின் அதுவே எரிந்தது.

இரண்டாம் சுருள்

அதிகாரத்தின் முடிவு பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுவது. பாருக் வேறொரு சுருளை எடுத்து எரேமியாவின் வாய்மொழியை மீண்டும் எழுதுகின்றான். அவற்றுக்கொத்த வேறு பல சொற்களும் அதிற் சேர்க்கப்படுகின்றன. முன்னைய சுருள் அப்படியே மீண்டதென்று பனுவல் கூறவில்லை. வளர்ந்தது என்று கூறுகின்றது. எரித்தவனைக் குறித்த வாக்கும் இப்போது சுருளுக்குள் வந்துவிட்டது. எனவே உண்மையாயிருத்தல் என்பது எழுத்தைப் பேழையிற் பூட்டிவைத்தலன்று. நம் மறுப்பையும் தன்னுள் எழுதிக்கொண்டு வளரும் ஒரு சொல்லின்முன் நிற்றலாகும்.

எழுத்தனான பாருக்குக்கும் ஒரு சொல் உண்டு. அவன் சுருளை எழுதிய அதே ஆண்டிற் கூறப்பட்டதாக 45ஆம் அதிகாரம் தருவது: தனக்கெனப் பெரியவற்றை அவன் தேடவேண்டா, உயிர் மட்டும் அவனுக்குக் கிடைக்கும். எழுத்தையே தொழிலாகக் கொள்ளப் போகும் பல்கலைக்கழக மாணவருக்கு இது கசப்பான ஆறுதலே. சுருளைக் கண்டு அஞ்சிய பிரபுக்களைப்போல நாமும் நூலை மதிப்பவர், ஆய்பவர், பத்திரமான அறைகளில் வைப்பவர். இக்கட்டுரையும் அத்தகைய அறைகளுள் ஒன்றாகிவிடலாம். எரிந்த நூல்களுக்காக நாம் துயருறுவது நியாயமே. ஆயின் எரியாத நூல்கள் நம்மிடம் கேட்பது யாது என்பதையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். யோசியாவின் கேள்வி அங்கிருந்தே தொடங்கிற்று.